வாரம் ஓர் எழுத்து

வாரம் ஓர் எழுத்து என்பது அமெரிக்கக் கிண்டர்கார்டன் வகுப்புகளில் நெடுநாளாகப் புழங்கும் பயிற்சிமுறை. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குத் திங்களன்று ஓர் எழுத்து அறிமுகமாகும். வெள்ளி வரை பாட்டு, படம், கைவேலை எல்லாம் அதைச் சுற்றியே நடக்கும். பார்க்க ஒழுங்கான ஏற்பாடுதான், ஆனால் எல்லா எழுத்தும் ஒரே சுமை அல்ல. தம் பெயரின் முதல் எழுத்தைப் பிள்ளைகள் மற்றவற்றுக்கு முந்தியே அறிகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ‘பி’ என்ற பெயரிலேயே அதன் ஒலி இருக்கிறது. ‘டபிள்யூ’வின் பெயரில் அதன் ஒலிக்குத் தடயமே இல்லை. இரண்டுக்கும் தலா ஐந்து நாள் ஒதுக்குவது தெரிந்ததில் நேரத்தைக் கரைப்பது. 26 எழுத்துக்கு 26 வாரம் என்றால், ஏறத்தாழ 180 நாள் கொண்ட கல்வியாண்டில் சுமார் எழுபது விழுக்காடு கழிந்த பிறகே கடைசி எழுத்து வரும்.

வேகம் கூட்டினால் மெல்லக் கற்போர் பின்தங்குவார்களே என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் ஒரே வாரத்தில் குவித்த பயிற்சியைவிட, இடைவெளி விட்டுத் திரும்பி வரும் பயிற்சியே நினைவில் தங்கும். கடினமான எழுத்துக்குப் பலமுறை திரும்பும் சுழற்சி முதலில் உதவுவது அவர்களுக்குத்தான். வாரச் சட்டகம் பிள்ளைக்குப் பாதுகாப்பு உணர்வு தருகிறது என்ற வாதமும் உண்டு. அந்த உணர்வைக் காலை வட்டம், நாட்காட்டி, கதை நேரம் ஆகியவையே தருகின்றன. அவற்றுக்கு எந்த எழுத்தின் துணையும் வேண்டியதில்லை.