வீட்டிலேயே விபிஎன் சர்வர்: அமைப்பது எப்படி? கவனிக்க வேண்டியவை என்ன?

வெளியூரில் இருந்தபடியே வீட்டுக் கண்காணிப்பு கேமராவைப் பார்க்கவும், வீட்டுக் கணினியில் உள்ள கோப்புகளைத் திறக்கவும் பலர் விரும்புகின்றனர். இதற்காக ரூட்டரில் கேமராவுக்கென ஒரு போர்ட்டைத் திறந்துவிடுவது பரவலான வழக்கம். ஆனால், அவ்வாறு திறக்கப்படும் வாசல் உரிமையாளருக்கு மட்டுமின்றி, இணையத்தில் உள்ள அனைவருக்கும் திறந்தே இருக்கும்.

2016-ஆம் ஆண்டில் பரவிய 'மிராய்' தீநிரல், தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, பெரும் இணையத் தாக்குதல்களுக்குப் பயன்படுத்தியது. இத்தகைய ஆபத்தைத் தவிர்க்க உதவும் வழிகளுள் ஒன்று, வீட்டிலேயே விபிஎன் சர்வர் அமைத்துக் கொள்வதாகும்.

விபிஎன் சர்வர் என்ன செய்கிறது?

மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்பதன் சுருக்கமே விபிஎன். வெளியில் உள்ள கைப்பேசிக்கும் வீட்டு வலையமைப்புக்கும் இடையே குறியாக்கம் செய்யப்பட்ட பாதையை இது உருவாக்குகிறது. உரிய திறவுகோல் உள்ள சாதனம் மட்டுமே அதனுள் நுழைய முடியும். நுழைந்தபின், அந்தச் சாதனம் வீட்டு வைஃபையில் இணைந்திருப்பதைப் போலவே செயல்படும்.

கட்டணம் செலுத்திப் பெறும் விபிஎன் சேவையிலிருந்து இது வேறுபட்டது. அந்தச் சேவை பயனரின் ஐபி முகவரியை மறைக்கிறது. வீட்டு விபிஎன் வழியாக இணையத்தைப் பயன்படுத்தினால் வீட்டின் முகவரியே வெளியில் தெரியும். எனினும், ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களின் பொது வைஃபையில் தரவுகளைப் பிறர் இடைமறித்துப் படிப்பதை இது தடுக்கும்.

முதலில் சரிபார்க்க வேண்டியது

ஐபிவி4 முறையில் சுமார் 430 கோடி முகவரிகள் மட்டுமே உள்ளன. இந்தப் பற்றாக்குறையால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் 'சிஜிநாட்' முறையை இணையச் சேவை நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. இம்முறையில் உள்ள வீட்டை வெளியிலிருந்து நேரடியாகத் தொடர்புகொள்ள இயலாது.

இதனை அறிவது எளிது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைய இணைப்புக்கான ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றில் தெரிவதுடன் அதனை ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறுபட்டாலோ, ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி இருந்தாலோ, அந்த இணைப்பு சிஜிநாட் முறையில் இருக்கக்கூடும்.

அந்நிலையில், சேவை நிறுவனத்திடம் கூடுதல் கட்டணத்தில் நிலையான ஐபி முகவரி பெறலாம். ஐபிவி6 வசதி இருந்தால் அதனையும் பயன்படுத்தலாம். இல்லையெனில், 'டெயில்ஸ்கேல்' போன்ற செயலிகள் போர்ட் திறக்காமலேயே இரு சாதனங்களை இணைக்க உதவும்.

அமைக்கும் முறை

சில ரூட்டர்களில் விபிஎன் சர்வர் வசதி உள்ளமைந்தே இருக்கும். இல்லாவிட்டால், எப்போதும் இயங்கும் பழைய கணினி அல்லது 'ராஸ்பெர்ரி பை' போதுமானது. மென்பொருள்களில் 'ஓபன்விபிஎன்', 'வயர்கார்டு' ஆகியவை முதன்மையானவை. வயர்கார்டு, 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கெர்னல் 5.6-இல் இணைக்கப்பட்டது. பழைய 'பிபிடிபி' முறை பாதுகாப்பற்றது என்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும்.

1. சர்வருக்கு வீட்டு வலையமைப்பில் மாறாத உள்முகவரி ஒதுக்க வேண்டும்.

2. சர்வருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனித் திறவுகோல் இணை உருவாக்க வேண்டும். பொதுத் திறவுகோலை மட்டுமே பரிமாற வேண்டும். தனித் திறவுகோல் அந்தந்தச் சாதனத்திலேயே இருக்க வேண்டும்.

3. சர்வரில் ஐபி தரவுகளை முன்னனுப்பும் வசதியை இயக்க வேண்டும். இது விடுபட்டால், இணைப்பு கிடைத்தும் வீட்டின் பிற சாதனங்களை அணுக முடியாது.

4. ரூட்டரில் ஒரேயொரு யுடிபி போர்ட்டை மட்டும் சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும். வயர்கார்டில் வழக்கமாகப் பயன்படுவது 51820. கேமராவுக்கென முன்பு திறந்த போர்ட்களை மூடிவிட வேண்டும்.

5. பொது ஐபி முகவரி அவ்வப்போது மாறுவதாக இருந்தால், மாற்றத்தைத் தானாகப் பதிவு செய்யும் டிடிஎன்எஸ் சேவையை இணைக்க வேண்டும்.

இறுதியாக, கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டா மூலம் சோதிக்க வேண்டும். வீட்டு வைஃபையில் இருந்தபடி செய்யும் சோதனை, வெளியிலிருந்து இணைய முடியும் என்பதற்குச் சான்றாகாது.

அடிக்கடி நேரும் சிக்கல்கள்

வீட்டிலும் வெளியிடத்திலும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளே இருந்தால் குழப்பம் ஏற்படும். வீட்டு முகவரித் தொடரை 192.168.57 போன்று மாற்றுவது நல்லது. மேலும், வெளியிலிருந்து கோப்புகளைப் பெறும் வேகம், வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகத்தைத் தாண்டாது. மின்தடையின்போது ரூட்டர் நின்றால் விபிஎன் இணைப்பும் துண்டிக்கப்படும் என்பதால், மின்சேமிப்பு வசதி அவசியம்.

சட்டம் கூறுவது என்ன?

இந்தியாவில் விபிஎன் பயன்பாட்டுக்குப் பொதுவான தடை இல்லை. விபிஎன் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என 2022 ஏப்ரல் 28-இல் 'செர்ட்-இன்' அமைப்பு உத்தரவிட்டது. பொது இணையப் பயனர்களுக்குச் சேவை வழங்குவோரையே இது குறிக்கிறது என்றும், நிறுவனங்களின் உள் விபிஎன்களுக்குப் பொருந்தாது என்றும் பின்னர் விளக்கமளிக்கப்பட்டது. சொந்தப் பயன்பாட்டுக்கான வீட்டு சர்வர் பொதுமக்களுக்கான சேவை அன்று. எனினும், திறவுகோலைப் பிறருக்கு அளித்தால், அவர்களின் இணையச் செயல்பாடுகள் வீட்டு ஐபி முகவரியிலேயே பதிவாகும் என்பதை மறக்கலாகாது.

கைப்பேசி தொலைந்தால், அதன் பொதுத் திறவுகோலைச் சர்வரிலிருந்து உடனடியாக நீக்க வேண்டும். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித் திறவுகோல் வழங்கியிருந்தால், மற்றவற்றின் இணைப்பு பாதிக்கப்படாது. ரூட்டர், சர்வர் ஆகியவற்றின் மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பிப்பதும் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றுவதும் விபிஎன் அமைத்த பின்னரும் இன்றியமையாதவை.