லண்டன்–சிட்னி வான்வழி

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே வானில் மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 17,000 கி.மீ. பூமியின் வளைவை ஒட்டி அளந்த கணக்கு இது. விமானங்கள் உண்மையில் பறப்பது இதைவிடக் கூடுதல். இடையில் இறங்கும் ஊர், காற்றின் திசை, மூடிய வான்வெளி ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். தொலைவு அன்றும் இன்றும் அதேதான். நூறாண்டுகளில் குறைந்தது, வழியில் இறங்க வேண்டிய ஊர்களின் எண்ணிக்கையே.

பிரிட்டனிலிருந்து 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன் பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு 1919இல் அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளுடன் விக்கர்ஸ் விமி விமானத்தில் நவம்பர் 12 அன்று லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பி, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கிப் பரிசை வென்றனர்.

1935இல் இம்பீரியல் ஏர்வேஸும் குவாண்டாஸும் சேர்ந்து பிரிஸ்பேன்–லண்டன் பயணிகள் சேவையைத் தொடங்கின. பயணம் பன்னிரண்டரை நாள்; அதிலும் பாரிசுக்கும் இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகத்துக்கும் இடையே ரயிலில்தான் போக வேண்டும். 1938 முதல் நீரில் இறங்கும் பறக்கும் படகுகள் சிட்னியையும் சவுத்தாம்டனையும் இணைத்தன.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாக, வழி அறுந்தது. மறு ஆண்டு ஜூலையில் பெர்த் நகருக்கும் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே கேட்டலினா பறக்கும் படகுகள் ஓடத் தொடங்கின. இந்தியப் பெருங்கடலை எங்கும் இறங்காமல் கடக்க 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. எரிபொருளின் எடை போக மூன்று பயணிகளுக்கே இடம். எதிரி விமானங்களுக்குத் தடம் தெரியாதிருக்க வானொலியை அடக்கிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை கணித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்டவர்களுக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். 1945 வரை நடந்த இச்சேவையில் ஒரு விமானம்கூட விழாதது, இவ்வழியின் வரலாற்றிலேயே பெரிய சாதனை எனலாம்.

போருக்குப் பின், 1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாக லண்டன் சேர நான்கு நாள் ஆயிற்று. தாவித் தாவிச் செல்வதால் இதற்குக் கங்காரு வழி என்று பெயர். ஜெட் விமானங்கள் வந்தபின் நாள் கணக்கு மணிக் கணக்கானது. இப்போது ஓரிடத்தில் மட்டும் இறங்கிச் செல்ல, காத்திருப்பையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. மேலைக்காற்றை எதிர்த்துப் பறப்பதால் சிட்னியிலிருந்து லண்டன் செல்லவே நேரம் அதிகம்.

எங்கும் இறங்காமல் பறப்பது 1989 ஆகஸ்டிலேயே நடந்தது. குவாண்டாஸுக்குப் புதிதாக வந்த போயிங் 747-400 ஒன்று லண்டனிலிருந்து 20 மணி 9 நிமிடத்தில் சிட்னியை அடைந்தது. ஆனால் கட்டணப் பயணிகள் இல்லை. 2019 நவம்பரில் போயிங் 787-9 ஒன்று, ஏறத்தாழ 50 பேருடன், 19 மணி 19 நிமிடத்தில் அதே தொலைவைக் கடந்தது. பெர்த்–லண்டன் இடைநில்லாச் சேவை 2018 மார்ச் முதல் உள்ளது. சிட்னிக்கும் அவ்வாறு பறக்க, குவாண்டாஸ் 2022இல் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 20,000 லிட்டர் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தப்படும் இவற்றில் இருக்கைகள் 238 மட்டுமே.