பிரிட்ஜின் முதுகில் ஒரு தகடு

மரவள்ளி, மஞ்சள், கறவை மாடு, கோழி என்று பேசுகிற நேரத்தில் இன்றைக்கு வீட்டு பிரிட்ஜைப் பற்றிப் பேசப் போகிறேன். "அதெல்லாம் டவுன்காரங்க சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம்ம சேலம், நாமக்கல் பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்தப் பெட்டிக்குள் பாலும் தயிரும் மட்டும் இல்லை. கோழிக்குப் போட வேண்டிய தடுப்பு மருந்தும் இருக்கிறது. பெட்டி கெட்டால் பால் திரிந்து போகும், அது கண்ணுக்குத் தெரியும். மருந்து கெட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் சங்கதி.

பிரிட்ஜ் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டுமானால், அது பிறந்து வளர்ந்த கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதில் உள்ள ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு காலத்தில் மனிதன் பட்ட சங்கடத்துக்குப் பரிகாரமாக வந்தது.

மின்சாரம் வருவதற்கு முன்னால் நம் நாட்டுக்குக் குளிர்ச்சி கப்பலில் வந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர் என்பவர், பனிக்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளிலிருந்து ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து விற்றார். 1833ல் டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதம் கடலில் வந்தும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842ல் இதற்கென்றே ஒரு கிடங்கு கட்டினார்கள். அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர்.

அவ்வளவு வெயிலில் ஐஸ் எப்படி நின்றது? மரத்தூள் போன்றவற்றைச் சுற்றிலும் அடைத்து, வெளிச்சூடு உள்ளே நுழையாமல் தடுத்தார்கள். குளிர்ச்சி என்பது உள்ளே கொண்டுபோய் வைக்கிற சரக்கு இல்லை. சூட்டை உள்ளே விடாமல் தடுப்பது பாதி வேலை. நுழைந்துவிட்ட சூட்டை வெளியே அள்ளிப் போடுவது மீதி வேலை.

இன்றைய பிரிட்ஜில் மரத்தூளுக்குப் பதில் சுவருக்குள் கெட்டியான நுரை அடைத்திருக்கிறார்கள். கதவைச் சுற்றி ரப்பர் ஓடுகிறது. பெட்டி நிற்காமல் ஓடியும் குளிர் போதவில்லை என்றால் முதலில் அந்த ரப்பரைப் பாருங்கள். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி. லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடு உள்ளே போகிறது என்று அர்த்தம். ரப்பர் இடுக்கில் அழுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அந்த ரப்பருக்குள் காந்தம் இருக்கிறது. அதற்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள், வெளியிலிருந்துதான் திறக்கும். வேண்டாமென்று தூக்கிப் போட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடப் போன குழந்தைகள் மூச்சு முட்டி இறந்தார்கள். உள்ளிருந்தும் தள்ளித் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று 1956ல் அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். அதற்குப் பிறகு காந்த ரப்பர் எங்கும் பரவியது. உங்கள் கொட்டகையில் விதை வைக்கவோ சாமான் போடவோ பழைய பெட்டி கிடக்கிறதா? முதலில் அதன் கதவைக் கழற்றிவிடுங்கள்.

சூட்டைத் தடுக்கிற கதை இது. இனி அதை வெளியே எடுக்கிற கதைக்கு வருவோம். நம்ம வீட்டு மண்பானையில் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசிந்து வரும் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. போகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பிரிட்ஜ் செய்வதும் அதே வேலைதான். என்ன வித்தியாசம்? பானையில் ஆவியானது திரும்பி வராது. பிரிட்ஜில் ஆவியானதைப் பிடித்து, அமுக்கி, மறுபடியும் திரவமாக்கிச் சுற்ற விடுகிறோம். லண்டனில் இருந்த ஜேக்கப் பெர்கின்ஸ் என்பவர் 1834ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் சுற்ற விட நினைத்தது ஈத்தர் என்ற திரவம்.

அமுக்குகிற வேலையைச் செய்வதுதான் பெட்டியின் அடியில், பின்பக்கம் இருக்கிற கறுப்பு உருண்டை, கம்ப்ரசர் என்கிறோம். கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றி வாய்க்காலில் விடுகிற மாதிரி, இது உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே விடுகிறது. ஆகவே பிரிட்ஜின் பின்பக்கக் கம்பி வலை, புது மாடலானால் பக்கச் சுவர், தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் ஓடியும் அங்கே சூடே இல்லை, உள்ளே குளிரும் இல்லை என்றால், மோட்டார் ஓடியும் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்ற கணக்கு. கேஸ் கசிந்திருக்கலாம், கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம். அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். வெளியே அளவுக்கு மேல் சுட்டு, உள்ளே குளிர் குறைந்தால், வலையில் ஒட்டடையும் தூசியும் அடைத்திருக்கும். அல்லது பெட்டி சுவரோடு ஒட்டி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

இதெல்லாம் நடக்க மின்சாரம் வேண்டும். பைக்காராவில் 1932லும், மேட்டூர் அணையில் 1937லும் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. ஆனால் நம் கிராமங்களுக்குக் கம்பி வந்து சேர வெகுகாலம் ஆனது. இந்தியாவிலேயே பிரிட்ஜ் செய்யும் வேலையை 1958ல் கோத்ரெஜ் கம்பெனி தொடங்கியது. அதற்குப் பிறகும் கிராமத்து வீட்டுக்குள் அது நுழையப் பல வருடம் பிடித்தது.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பம்புசெட் மோட்டார் காயில் எரிந்தவர்களுக்குத் தெரியும். பிரிட்ஜின் கம்ப்ரசருக்குள்ளும் ஒரு மோட்டார்தான் இருக்கிறது. அது "ம்ம்ம்" என்று முக்கிவிட்டு, "டக்" என்று அடங்கி, சில நிமிடம் கழித்து மறுபடியும் அப்படியே செய்தால், கிளம்ப முடியாமல் திணறுகிறது என்று அறிய வேண்டும். உடனே சுவிட்சை நிறுத்துங்கள். 230 வோல்ட் வர வேண்டிய லைனில் எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குறைந்து வந்தால் ஸ்டெபிலைசர் தேவை. வோல்டேஜ் சரியாக இருந்தும் முக்கினால், ரிலே போன்ற கிளப்பிவிடும் பாகத்தில் கோளாறு இருக்கலாம். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடித்தால் எர்த் சரியில்லை. அதைச் சரிசெய்யும் வரை பெட்டியைப் பயன்படுத்தவே கூடாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குழாய்க்குள் சுற்றுகிற கேஸ் எது? உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இதில்தான் இருக்கிறது.

1920களில் வந்த வீட்டுப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மீதைல் குளோரைடு என்று விஷ வாயுக்களையே சுற்ற விட்டார்கள். குழாய் கசிந்தால் வீட்டிலுள்ளவர்கள் உயிருக்கே ஆபத்து. 1929ல் சிகாகோ நகரில் மீதைல் குளோரைடு கசிந்து பலர் இறந்தார்கள். இந்த ஆபத்தைப் பார்த்துத்தான் ஐன்ஸ்டீன் கூட, சிலார்ட் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, கசிவுக்கு இடம் தராத பிரிட்ஜ் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்.

அந்தச் சமயத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி புது வாயு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். விஷம் இல்லை, தீப்பிடிக்காது. 1930ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதை மூச்சில் இழுத்து, ஊதி, எரிகிற மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். அதுதான் ஆர்-12. உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்த வகை வாயுக்கள் வானத்தில் இருக்கிற ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர் எச்சரித்தார்கள். 1985ல் தென்துருவத்தின் மேல் ஓசோன் ஓட்டை இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. 1987ல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. 1992ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 2010 ஜனவரி முதல் இங்கே பிரிட்ஜுக்கு அந்த வாயு இல்லை என்று ஆனது.

அதன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியின் சூட்டைக் கூட்டும். பிறகு வந்தது ஆர்-600ஏ. இது இரண்டையும் செய்யாது என்றே சொல்லலாம். ஆனால் தீப்பிடிக்கும். இதன் பெயர் ஐசோபியூட்டேன். அடுப்பு சிலிண்டரில் இருக்கிற பியூட்டேனுக்குச் சகோதரன். சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் வாடை கலந்திருக்கிறார்கள். பிரிட்ஜ் கேஸில் அப்படிக் கலப்பதில்லை. அளவு நூறு கிராமுக்கும் குறைவுதான். குழாய்க்குள் இருக்கிறவரை பயமில்லை. பயமெல்லாம் அதைத் திறக்கிறபோதுதான்.

எந்தப் பெட்டியில் எந்த கேஸ் என்று எப்படி அறிவது? பெட்டியின் முதுகில், கம்ப்ரசர் பக்கத்தில், அல்லது உள்சுவரில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற எழுத்தும் எண்ணும், எத்தனை கிராம் என்ற கணக்கும் போட்டிருக்கும். ஆர்-600ஏ என்றால் கம்ப்ரசர் மேல் தீச்சுடர் படம் போட்ட மஞ்சள் முக்கோணமும் இருக்கும். ஆர்-12 காலத்தில் பழகிய கை, குழாயை வெட்டி அப்படியே பற்றவைக்கப் போகும். அன்று அது தீப்பிடிக்காது. இன்று பிடிக்கும். ஆகவே கேஸ் போட வருகிறவரிடம் முதலில் தகட்டைக் காட்டுங்கள். அவரிடம் கிராம் தராசு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், "வேண்டாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு கேஸுக்குப் பதில் இன்னொன்றைப் போடவும் விடாதீர்கள், கம்ப்ரசர் வீணாகும். ஐஸ் கட்டியைக் கத்தியால் குத்தி எடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அடியில் ஓடுவது அந்த கேஸ் குழாய்தான்.

கடைசியாகத் தடுப்பு மருந்து. கோழியின் வெள்ளைக் கழிச்சல் நோயை நம் நாட்டில் 1927ல் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் கண்டறிந்தார்கள். அதனால்தான் ராணிக்கேத் நோய் என்கிறோம். அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. ஆனால் உற்பத்தி செய்த இடம் முதல் உங்கள் கை வரை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் அது இருந்தாக வேண்டும். கதவைத் திறந்ததும் விளக்கு எரிகிறதே, பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பாதீர்கள். விளக்குக்குத் தனி வழி, கம்ப்ரசருக்குத் தனி வழி; கம்ப்ரசர் நின்றுபோனாலும் விளக்கு எரியும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி நடுத்தட்டில் வையுங்கள். மருந்தும் நடுத்தட்டில்தான் இருக்க வேண்டும். கதவுத் தட்டில் வேண்டாம். எண்ணெய் கலந்த மருந்தை ஐஸ் அறையில் வைத்தால் உறைந்து கெட்டுப் போகும். கரண்ட் வெகுநேரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மருந்து சூடேறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், அதைக் கோழிக்குப் போடும் முன் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். செத்துப்போன மருந்தைப் போட்டுவிட்டு, 'ஊசி போட்டாச்சு' என்ற தைரியத்தில் இருப்பது, போடாமல் இருப்பதைவிட மோசம்.

ஆகவே பெட்டி மக்கர் செய்தால் வரிசை இதுதான்: வோல்டேஜ், கதவு ரப்பர், பின்பக்கச் சூடு, தூசி. இவை நீங்களே பார்க்கலாம். அதற்கு மேல் போனால் மெக்கானிக்; அவர் குழாயில் கை வைக்கும் முன் தகட்டைப் படிக்க வேண்டும். இன்று மாலையே உங்கள் பிரிட்ஜின் தகட்டில் இருக்கிற எண்ணைப் பார்த்து, வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.