வெய்லோனெல்லா

மனிதரின் வாயிலும் குடலிலும் வாழும் பாக்டீரியாப் பேரினம். உருண்டை வடிவம் கொண்டது. ஆக்சிஜன் இல்லாத சூழலில் வளர்வது. பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் அட்ரியன் வெய்யோனின் பெயரால் வழங்குகிறது. லாக்டேட்தான் இதன் முதன்மை உணவு. கடுமையாக உழைக்கும் தசைகளிலும் அதுவே பெருகுவதால், உடற்பயிற்சி ஆய்வாளர்களின் கவனம் இதன்மீது திரும்பியது.

2015 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 15 பேரின் மல மாதிரிகளைப் பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சேகரித்தனர். ஓட்டத்துக்குப் பின் வெய்லோனெல்லா கூடியிருந்தது. ஓர் ஓட்டக்காரரிடமிருந்து பிரித்தெடுத்த வெய்லோனெல்லா அட்டிபிக்கா இனத்தைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியதும், டிரெட்மில்லில் அவை ஓடிய நேரம் 13% உயர்ந்தது. முடிவுகள் 2019இல் வெளியாயின. அவற்றின்படி, இரத்தத்திலுள்ள லாக்டேட் குடலுக்குள் கசிகிறது. பாக்டீரியா அதைப் புரொப்பியோனேட்டாக மாற்றுகிறது. எலிகளின் மலக்குடலில் புரொப்பியோனேட்டை மட்டும் செலுத்தியபோதும் ஓட்டநேரம் கூடியது. இந்த ஆய்வின் வலுவான பகுதி இதுவே. ஆனால் இதை வைத்து மனிதருக்கு மாத்திரை விற்பது அவசரம்.

உடற்பயிற்சி குடல் பாக்டீரியாக்களை மாற்றுகிறதா என்று பார்த்து இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உடலுழைப்பில்லாதோர் ஆறு வாரம் பயிற்சி செய்தனர். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட் ஒல்லியானவர்களிடம் கூடியது. பருமனானவர்களிடம் அவ்வாறு கூடவில்லை. பயிற்சியை நிறுத்தியதும் மாற்றங்கள் பெரும்பாலும் மறைந்தன.

ஓட்டம் குடலைப் பாக்டீரியா வழியாக மட்டும் பாதிப்பதில்லை. நெடுந்தூர ஓட்டத்தின்போது இரத்தம் தசைக்கும் தோலுக்கும் திரும்புவதால் குடலுக்கான இரத்த ஓட்டம் குறைகிறது. மாரத்தான் ஓடுவோருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருவதற்கு இது முக்கியக் காரணம்.