திரைக்கு அப்பால் கற்ற கலை

கல்வி என்பது கொடுக்கக் குறையாத செல்வம் என்று பள்ளியில் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். ஆயினும் கொடுக்க மறுக்கப்பட்ட கல்வியும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. எங்கள் மார்க்கையன்கோட்டைக்கு மேற்கே தெரியும் மலைகளுக்கு அப்பால், பழைய திருவாங்கூர் நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இன்று கூற விரும்புகிறேன்.

1848-ல் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா, 1862-ல் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். அவர் நீர்வண்ணத்தில் பழகியவர். எண்ணெய் வண்ணமோ அப்போது அங்கே புதியது. அதனை அறிந்திருந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர், இவ்விளைஞரிடம் போட்டியைக் கண்டு கற்பிக்க மறுத்தார் என்பர். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளையே இரவில் மறைவாக வந்து தாம் அறிந்ததைச் சொல்லிக் கொடுத்தாராம். பின்னர், 1868-ல், மன்னரின் உருவத்தை எழுத வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் சொல்லவில்லை. தாம் எழுதுவதைப் பார்க்க மட்டும் இசைந்தார்.

இதில் மறைப்பதற்கு என்ன இருந்தது என்று நேயர்கள் கேட்கலாம். நீர்வண்ணம் நீர் வற்றியதும் உலர்ந்துவிடும். இக்காலத்து அக்ரிலிக் வண்ணமும் அவ்வகையே. சில நிமிடங்களில் இறுகிவிடும். எண்ணெய் வண்ணம் ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவதால், உலரப் பல நாட்கள் செல்லும். ஆடி மாதத்தில் எங்கள் மலைமுடியில் கருமேகம் கவிந்து, கீழே வயலில் மட்டும் வெயில் காயும். அந்த மேகத்தின் விளிம்பை வானத்தோடு இழைத்துவிட அத்தாமதமே துணைசெய்யும். ஆனால் அதற்கு ஒழுங்கு உண்டு. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். முறை மாறினால் படம் நாளடைவில் வெடிக்கும். உலர்ந்த அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டலாம்; எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக் நிலைக்காது. சொல்வார் இருந்தால் இவை ஒரு நாழிகைப் பாடம். இல்லையேல், படங்களைக் கெடுத்துக் கெடுத்தே அறிய வேண்டும்.

இரவிவர்மா அவ்வாறே முயன்று அறிந்தார். 1873-ல் சென்னை ஓவியக் கண்காட்சியில் அவருடைய படம் ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றது.

அதனினும் பெரிதாக நான் கருதுவது பின்னர் நிகழ்ந்தது. அரிதில் பெற்ற அக்கலையை அவர் தம் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு இளையவரான தம்பி இராஜராஜவர்மா அண்ணனுடன் இருந்தே தூரிகை பிடித்தார். நாடெங்கும் உடன் பயணம் செய்தார். அண்ணன் உருவங்களில் புகழ்பெற்றார்; தம்பியோ மலை, நீர், வானம் முதலிய இயற்கைக் காட்சிகளில் சிறந்தார். அண்ணனுடைய படங்களின் பின்புலக் காட்சிகளிலும் தம்பியின் கை உண்டு.

1905-ல் தம்பியும், 1906-ல் அண்ணனும் மறைந்தனர். ஒருவருக்கு இரவில் ஒளித்துக் கிடைத்த பாடம், மற்றவருக்குப் பகலில், பக்கத்தில் அமர்ந்தே கிடைத்தது. கற்பிப்போர் செய்யத்தக்கது இதுவன்றோ?