சுட்டவர்களும் சுமந்தவர்களும்

“துப்பாக்கியா? அது துரை சாமான் தம்பி.”

கேமரன் மலையில், சுங்கை பாலாஸ் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் இப்படிச் சொன்னார். நான் கேட்டது பன்றி வேட்டையைப் பற்றித்தான். நாய், வேல்கம்பு, கம்பிக் கண்ணி எல்லாவற்றையும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், துப்பாக்கி என்றதும் நிறுத்திவிட்டார். அவர் சுட்டதும் இல்லை, தொட்டதும் இல்லை.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்து வளர்ந்தவன் நான். ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த அந்தப் பெங்களூர்க்காரர் கையில் இருந்தது ஒரு வின்செஸ்டர், 1895 மாடல், .405 தோட்டா. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். தோளிலிருந்து இறக்காமலே அடுத்த குண்டைச் சுட்டுவிடலாம். பாய்ந்து வருகிற மிருகத்தின் முன்னால் அந்த ஒரு நொடிதான் எல்லாமே. இதே .405-ஐத்தான் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனார். இன்றும் மார்லின், ஹென்றி என்று அமெரிக்காவில் புதுசு புதுசாக லீவர் ரைஃபிள்கள் வந்துகொண்டே இருக்கின்றன, மானுக்கும் கரடிக்கும். அந்த ‘கிளிக்-கிளாக்’ சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

பையனாக வாசித்தபோது ஆண்டர்சனின் துப்பாக்கியை மட்டும்தான் பார்த்தேன். பக்கத்தில் தடம் பார்த்து நடந்த பைரா, ரங்கா போன்றவர்களைப் பிறகுதான் கவனித்தேன். காடு அவர்களுக்குத் தெரியும், லைசென்ஸ் ஆண்டர்சனிடம் இருக்கும். 1878-ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி வாங்க வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு. அந்த விலக்கு பிறகு போனாலும் பழக்கம் போகவில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய தமிழர், நிராயுதபாணியாக்கப்பட்ட ஊரிலிருந்துதான் வந்தார்.

வந்து சேர்ந்த இடமும் அப்படியே. பகாங் காடுகளில் யானையும் காட்டெருமையும் சுட்ட தியோடர் ஹப்பேக், 1905-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பிற்பாடு மனம் மாறி வனவிலங்கு ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். இன்றைய தாமான் நெகாரா உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சுடவும் அவருக்கு உரிமை இருந்தது, சுடாதே என்று சொல்லவும் இருந்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்டிய கைகளுக்கு இரண்டும் கிடையாது. பக்கத்துச் செமாய் மக்களிடமாவது மூங்கில் ஊதுகுழலும் ஈப்போ மரத்து நஞ்சும் இருந்தன.

தோட்டத் தமிழர் கைக்குத் துப்பாக்கி வந்தது 1943-இல். சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பால்மரம் வெட்டிய பெண்கள்கூட ஜான்சிராணிப் படையில் ரைஃபிள் பிடித்தார்கள். போர் என்ன ஆனது என்பது வேறு கதை. ‘ஐயா’ என்று கைகட்டி நின்றவர்கள் நிமிர்ந்து நிற்கப் பழகிய இரண்டு வருடம் அது. போர் முடிந்ததும் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தங்களை இதைச் சொல்லாமல் விளக்க முடியாது என்பது என் எண்ணம்.

அங்கே பயிற்றுநராக இருந்தவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்துக்காரர். பிறகு அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. அனுமதியில்லாத ஆயுதத்துக்குத் தூக்கு என்று விதி எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு கணபதி பிடிபட்டார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும். யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை, வைத்திருந்ததுதான் குற்றம். இந்திய அரசு தலையிட்டும் கேட்கவில்லை. 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

அதே நாட்களில் துரைமார் ஸ்டென் துப்பாக்கியோடு கவசம் பொருத்திய காரில் தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். லயத்தைச் சுற்றி முள்கம்பி ஏறியது. வேலைக்குப் போகிறவர்களின் சோற்றுத்தூக்கு வாசலில் சோதிக்கப்பட்டது, காட்டிலிருக்கும் கெரில்லாக்களுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். அந்த ஊரில் ஒருவர் பன்றி சுடத் துப்பாக்கி கேட்டு மனு எழுதியிருப்பாரா?

அவசரகாலம் 1960-இல் முடிந்தது, பயம் முடியவில்லை. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஆயுதம் வைத்திருந்தால் மரணதண்டனை என்ற பிரிவு இருந்தது. 2012-இல்தான் அந்தச் சட்டம் ரத்தானது. இப்போது முறையாக லைசென்ஸ் வாங்கி, பெர்ஹிலித்தானிடம் வேட்டை அனுமதியும் வாங்கினால் பன்றி சுடலாம். மானுக்கு 2009-இலிருந்து தடை. நாடு முழுக்க 150-க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருக்கும்போது, புலிக்கு இரையாகும் மானை விட்டுவைப்பது நியாயம்தான். எங்கள் தாத்தாக்கள் போட்ட கம்பிக் கண்ணியும் 2010 சட்டப்படி குற்றம். புலியின் காலை அறுக்கிறது என்பதால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

டீக்கடைப் பெரியவரிடம் கடைசியாக, வேட்டைக்குப் போன துரையைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். பார்த்ததில்லையாம், அவருடைய அப்பா கூடப் போயிருக்கிறாராம்.

“எதுக்கு?”

“செத்த பன்றியைத் தூக்கிட்டு வர ஆள் வேணுமில்ல.”