796 சிசியில் பிறந்த பந்தயக் கார்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து மேற்கே போகும் சாலை நெரிசலில் திணறும். பாதிக் கூட்டம் குற்றாலத்துக்குத் திரும்பிவிடும். மீதி செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவேறி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் இறங்கும். முன்னால் சரக்கு லாரி உருள, பின்னால் பேருந்து ஹாரன் அடிக்க, அந்த வளைவில் ஒரு பழைய மாருதி 800 ஐந்து பேரையும் ஏசியையும் சுமந்து ஏறுவதைப் பார்த்தால் அதன் கஷ்டம் புரியும். இரண்டாவது கியரில் உறுமும், வேகம் கூடாது. ஓட்டுநர் முதலில் ஏசியை அணைப்பார், பிறகு ஒன்றாவது கியருக்கு இறங்குவார். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, “பிக்கப்பே இல்ல.”

அந்த ஏக்கம் காரோடு கூடப் பிறந்தது. தமிழ்நாட்டில் அதே எஞ்சினை வைத்து ஒரு முழுப் பந்தயக் காரையே உருவாக்கிய கதையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையளித்தார். ஜப்பானின் சுஸுகி வடிவமைத்த அந்த எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டமும் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 72 மில்லிமீட்டர். மூன்றையும் சேர்த்தால் 796 சிசி. கார்புரேட்டர் காலத்தில் அது கொடுத்தது சுமார் 37 குதிரைசக்தி, இழுவிசை 60 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய சாலையில் 650 கிலோகூட எடையில்லாத இந்தக் கார் பறந்தது. ஆனால் அதைச் செய்தவர்கள் மனத்தில் வைத்திருந்தது பறப்பதை அல்ல. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு எஞ்சின் பிரிக்காமல் ஓடும், மட்டமான பெட்ரோலையும் தாங்குமா என்பவைதான் அவர்கள் கணக்கு. அன்று இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 87. அதற்கேற்ப அமுக்க விகிதத்தை 8.7-க்கு 1 என்று அடக்கி வைத்திருந்தார்கள். அதாவது அந்த எஞ்சினுக்குள் கொஞ்சம் சக்தி திட்டமிட்டே விட்டுவைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக்குகள் அதைத்தான் தேடிப் போனார்கள்.

எஞ்சின் சக்தி பெட்ரோலில் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டும். எடைக் கணக்கில் 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரியக் கிட்டத்தட்ட 15 கிராம் காற்று தேவை. ஆகவே சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது, எரிந்த புகை எவ்வளவு சுலபமாக வெளியேறுகிறது என்பதே விஷயம். கார்புரேட்டர் வேலை செய்யும் விதத்தைத் தென்காசிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. ஆடி மாதத்தில் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலுக்குள் நுழைந்து பாருங்கள். வெளியே சாதாரணமாக வீசும் காற்று, அந்த வாசலுக்குள் ஆளையே தள்ளும். அகன்ற வெளியிலிருந்து குறுகிய வழிக்குள் வரும்போது காற்றின் வேகம் கூடுகிறது. கார்புரேட்டரின் தொண்டையும் அப்படித்தான் நடுவில் குறுகியிருக்கும். அங்கே காற்று விரைய, அழுத்தம் குறைய, ஜெட்டின் துளை வழியே பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் தூவானமாகக் கலக்கிறது. இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிவைத்த இந்த உண்மையின் மேல்தான் நூறாண்டு காலம் உலகத்துக் கார்கள் ஓடின. மாருதிக்கான கார்புரேட்டரை ஜப்பானின் மிக்குனி நிறுவனக் கூட்டுறவோடு தமிழ்நாட்டிலேயே, மறைமலை நகரில், யூகால் நிறுவனம் தயாரித்தது.

பட்டறைக்கு வருவோம். “பிக்கப் வேணும்” என்று வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துகிறவரிடம் நல்ல மெக்கானிக் முதலில் எதையும் மாற்ற மாட்டார். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பார், ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்ப்பார், வால்வு இடைவெளியைச் சரிசெய்வார், மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எடுப்பார். பாதி வண்டிகளுக்கு இங்கேயே நோய் தீர்ந்துவிடும். தொலைந்துபோன சக்தியை மீட்பது வேறு, இல்லாத சக்தியைச் சேர்ப்பது வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்காதவரிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சேர்க்கும் வேலை ஹெட்டில் தொடங்குகிறது. அமுக்க விகிதத்தைக் கூட்ட, சிலிண்டர் ஹெட்டின் அடிப்பகுதியை லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சீவி ஃபேஸிங் எடுப்பார்கள். எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 796-ஐ மூன்றால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. 8.7-க்கு 1 விகிதத்தில், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கு மேல் மிஞ்சியிருக்கும் இடம் சுமார் 34.5 சிசி. விகிதத்தை 9.7 ஆக்க வேண்டுமானால் அந்த இடம் 30.5 சிசியாகச் சுருங்க வேண்டும். வித்தியாசம் 4 சிசி, ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஹெட்டில் சீவ வேண்டியது தோராயமாக ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும். அதற்கு மேல் போனால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் ஆபத்து. டைமிங் பெல்ட்டின் கணக்கும் நகரும். 87 ஆக்டேன் பெட்ரோலில் அந்த எஞ்சின் ஏற்றத்தில் நாக் அடிக்கத் தொடங்கும். டக் டக் என்ற அந்தச் சத்தம், தீப்பொறி பற்றவைத்த நெருப்பு வந்து சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிப்பதால் வருவது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோல் 91 ஆக்டேனுக்குக் குறையாது என்பதால் பழைய 800-க்கு இப்போது கொஞ்சம் இடம் உண்டு.

அடுத்தது போர்ட்டிங். காற்று வரும் பாதையிலும் புகை போகும் பாதையிலும் வார்ப்பில் விட்ட பிசிறுகளையும் கேஸ்கட் சேருமிடத்துப் படிகளையும் சிறு கிரைண்டரால் இழைத்து நேராக்குவது. துளையைப் பெரிதாக்கினால் சக்தி வரும் என்று குடைந்து தள்ளுகிறவர்கள் உண்டு. பாதை அகன்றால் குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் விழுந்து, மிதித்ததும் வண்டி சோம்பும். பிறகு புகைக்குழாய், கேம்ஷாஃப்ட், ஃப்ளைவீல். இங்கேதான் பந்தயத் திடலும் புளியரை வளைவும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பந்தயக் கேம் நிமிடத்துக்கு 5,000 சுழற்சிக்கு மேல் பாடும். 2,000-இல் ஐந்து பேரோடு ஏற்றம் ஏறச் சொன்னால் செத்துவிடும். ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டவுடன் சுழற்சி எகிறும். ஆனால் மேட்டில் நின்று கிளம்பும்போது அந்த எடைதான் வண்டியை அணையவிடாமல் காக்கிறது. மலையடிவாரத்தில் ஓட்டுகிறவருக்கு வேண்டியது இழுவை. அது உயர்சுழற்சிக் குதிரைசக்தியிலிருந்து வேறானது.

சிறிய காரை இப்படி மாற்றிப் புகழ்பெற வைத்தவர்கள் வெளிநாட்டில் முன்பே இருந்தார்கள். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த மினி 1959-இல் 848 சிசி, 34 குதிரைசக்தியோடு வந்தது. பந்தயக் கார் கட்டுகிற ஜான் கூப்பர் அதைக் கையிலெடுத்தார். 1961-இல் வந்த மினி கூப்பருக்கு 997 சிசி, இரட்டைக் கார்புரேட்டர், 55 குதிரைசக்தி. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி அந்தக் கடைசி ஒன்றுதான். 1964-இல் பேடி ஹாப்கிர்க் அந்த வகைக் காரில் மான்டி கார்லோ ராலியை வென்றார்.

இங்கே அந்த வேலைக்குக் களமாக இருந்தது சென்னைக்கு அருகே சோழவரம். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில், 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் வரவழைக்கப் பணமிருந்தவர்கள் ஒரு பக்கம். ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் வைத்து இழைத்துக் கொண்டுவந்தவர்கள் மறுபக்கம். பணமில்லாத திறமைசாலிக்கு உள்ளே வர வழியில்லை.

கோயம்புத்தூர்க்காரரான எஸ்.கரிவர்தன் அந்த வழியைத் திறந்தார். நூற்பாலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் பம்ப் தொழிலும் நிறைந்த ஊர் அது. உலோகத்தில் எதையும் செய்து தருகிற கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. கரிவர்தன் தானே பந்தயம் ஓட்டியவர், கார் வடிவமைத்தவர். 1980-களின் இறுதியில் அவர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். குழாய்களை இணைத்துச் செய்த சட்டகம், கண்ணாடியிழை உடல், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாருதி 800-இன் அதே மூன்று சிலிண்டர் எஞ்சின். ஃபார்முலா மாருதி என்று எல்லோரும் அழைத்த அந்தக் காருக்கு உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. எந்த ஊர் மாருதிக் கடையிலும் கிடைக்கும்.

அதன் பின்னிருந்த யோசனையை எண்ணால் பார்க்கலாம். 37 குதிரைசக்தி எஞ்சின் 650 கிலோவை இழுக்கிறது என்று வைப்போம். அந்த எஞ்சினைத் தொடாமல் எடையில் 200 கிலோவைக் குறைத்தால், பழைய காரில் 53 குதிரைசக்தி இருந்தால் கிடைக்கும் முடுக்கம் கிடைக்கும். கதவில்லை, கூரையில்லை, பின் இருக்கையில்லை, ஆகவே ஹெட்டைச் சீவிப் பெறுவதைவிடப் பல மடங்கு ஆதாயம். எஞ்சினும் நீடித்து உழைக்கும். எல்லோர் வண்டியும் ஒரே வகை என்பதால் வெல்வது பணப்பையைவிட ஓட்டுகிற கையைப் பொறுத்ததாயிற்று.

1990-இல் ஶ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறந்தது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் தன் பந்தய வாழ்க்கையை அங்கே ஃபார்முலா மாருதியில்தான் தொடங்கினார். 2005-இல் அவர் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாருதி 800 பின்னாளில் கார்புரேட்டரைக் கைவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் எம்பிஎஃப்ஐக்கு மாறியது. அதன் ஒரு வகையில் சிலிண்டருக்கு நான்கு வால்வு, ஐந்து கியர், 45 குதிரைசக்தி என்று தொழிற்சாலையே பழைய மெக்கானிக்குகள் தேடியதைச் செய்து கொடுத்தது. இப்போதைய கார்களில் வேலை லேத்திலிருந்து லேப்டாப்புக்கு நகர்ந்துவிட்டது. எஞ்சினை ஆளும் கணினியான ஈசியுவில் பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் திருத்தி எழுதுகிறார்கள். டர்போ இல்லாத சிறிய எஞ்சினில் அதனால் கிடைக்கும் கூடுதல் சக்தி சொற்பம். மிதித்தவுடன் பதில் சொல்வது மட்டும் தெளிவாகத் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. குற்றாலச் சாலையில் சைலன்சரைப் பிடுங்கிவிட்டு அலறவைக்கும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வால்வு இடைவெளி, பிளக், டயர் காற்று, பிரேக் நான்கையும் சரிபார்த்துக்கொண்டு சாலையில் ஓட்டுங்கள். எஞ்சினைத் திறந்து பார்க்கும் ஆசை அடங்காவிட்டால், ஒரு பழைய 800 எஞ்சினை வாங்கிப் பட்டறை மேசையில் வைத்துப் பிரியுங்கள். ஓட்டிப் பார்க்கச் செட்டிபாளையத்தில் தடம் இருக்கிறது.